சுந்தரர் இல்லத்துத் தேசிக்காய்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஆரபி ஆறு வருடம் ஓடி, ஆறு வருடமும் முதலாமிடம் பெற்றவள். அவளோடு ஓடிய மற்ற ஏழு பேரும் ஆறு வருடமும் முதலாமிடம்தான். "விசேட தேவையுள்ள பிள்ளைகளின் மகிழ்வோட்டம்" என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். சிலர் ஓடுவார்கள், சிலர் நடப்பார்கள், ஒருவன் நடுவழியில் குந்தியிருந்து மண் கிளறுவான். கடைசியில் பிரதம விருந்தினர் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சாப்பாட்டுப் பெட்டி கொடுப்பார். அப்படி ஆறு பெட்டிகள் தாய் பத்மாசினியின் குசினியில் இருந்தன. அவற்றைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றே நான்கு விளையாட்டு இல்லங்களில் ஒன்றில் சேர்க்கப்பட்டுவிடுவார்கள். விசேட கல்வி அலகுப் பிள்ளைகளுக்கு இல்லம் இல்லை. ஆகவே நிறச்சட்டை இல்லை, புள்ளி இல்லை, கத்திக் கூப்பிட ஆளும் இல்லை.

ஆரபிக்கு டவுன் சின்ட்ரோம். முதலில் போன பள்ளிக்கூடத்தில், பிள்ளைக்கு வீடுதான் வசதி என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் உடைந்த மேசை கதிரை போட்டுவைத்த அறையைக் கூட்டித் துடைத்து அலகு ஆக்கியிருந்தார்கள். சித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும் அவளை மற்ற வகுப்போடு இருத்த இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. தன் மாமி ஒருத்திக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்ததே அந்தக் காலத்தில் ஊருக்குத் தெரியாது, அதோடு பார்த்தால் இது எவ்வளவோ முன்னேற்றம் என்பான் தகப்பன் சுபாஸ்கரன். பத்மாசினிக்கு அந்த 'எவ்வளவோ' காணாது.

இந்த வருடம் அவள் அதிபர் செல்வநாயகியிடம் போய், இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். அதிபர் இரண்டு கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. ஆரபி சுந்தரர் இல்லத்தில் சேர்ந்தாள். மஞ்சள் சட்டை வந்தது. போட்டி, தேசிக்காய்க் கரண்டி ஓட்டம். எலுமிச்சங்காய் வைத்த கரண்டியைப் பல்லில் கடித்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போக வேண்டும். காய் விழுந்தாலும் சரி, அதில் கை பட்டாலும் சரி, ஆள் வெளியே.

மூன்று கிழமை நீர்வேலி வாழைத்தோட்டத்தின் வரிசைகளுக்கு நடுவே பயிற்சி நடந்தது. அடிபட்ட தேசிக்காய்கள் எல்லாம் ஊறுகாயாகி, சுபாஸ்கரன் மூன்று நேரமும் அதைத் தின்றான்.

போட்டியன்று விசில் ஊதியதும் மற்றவர்கள் பாய்ந்தார்கள், பத்தாவது அடியில் காய்கள் புல்லில் உருண்டன. ஆரபி மட்டும் கோயிலில் தீர்த்தம் கொண்டுவருகிற ஐயரைப் போல நடந்தாள். அவளுக்குப் பின்னால் மிஞ்சியது அப்பர் இல்லத்துச் சாருஜா ஒருத்திதான். கோட்டுக்கு நாலு முழம் இருக்கையில் ஆரபியின் காய் ஆடியது. அவள் பின்னாலிருந்த கையை எடுத்து, காயை ஒழுங்காக இருத்தி, கையைத் திரும்பப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டைக் கடந்தாள்.

மைதானமே எழுந்து கைதட்டியது. அப்பர் இல்லத் தலைவன் கஜானன் மட்டும் நடுவரிடம் ஓடிப்போய், கை பட்டது என்றான். நடுவர் பஞ்சலிங்கம் மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கால்விரல் கோட்டில் பட்டதென்று சொந்த மகளின் நீளம் பாய்தலையே இரத்துச் செய்தவர். அவர் இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அந்தப் பிள்ளையோடும் ஒரு போட்டியா, சும்மா போ தம்பி என்றார். பிரதம விருந்தினர் கண் கலங்கிப் பதக்கத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

அதைப் பத்மாசினி கண்டாள். அந்தப் பதக்கத்தை வாங்கினால் அது ஏழாவது பெட்டி. அவள் எழும்பினாள்.

சுபாஸ்கரன் அவளின் சேலைத் தலைப்பைப் பிடித்தான். "இஞ்சை பார், பத்மா. பேசாமல் இரு. பிள்ளை வெண்டிட்டாள்."

"வெல்லேல்லை," என்று தலைப்பை இழுத்துக்கொண்டு போனாள்.

"மாஸ்டர், கை பட்டது. நான் கண்டனான்."

"நானும் கண்டனான் பிள்ளை," என்றார் அவர் மெதுவாக. "ஆனா, எப்பிடி நான்..."

"உங்கடை மகளுக்குச் செய்த மாதிரிச் செய்யுங்கோ."

ஒலிபெருக்கி சாருஜாவை முதலாவது என்றது. கூட்டத்தில் யாரோ, இவளும் ஒரு தாயா என்றார்கள். சுபாஸ்கரன் வேறு யாரோடோ வந்தவனைப் போல மறுபக்கம் திரும்பி நின்றான்.

பத்மாசினியின் கண் சுந்தரர் இல்லத்தாரின் மஞ்சள் கொட்டிலில் இருந்தது. அங்கே பாவம் பாவம் என்று பிள்ளையைத் தடவத் தொடங்கினால் எல்லாம் வீண்.

இல்லத் தலைவி நிவேதனா கத்திக் கத்தி அடைத்த குரலோடு வந்தாள். "ஏனடி கை வைச்சனீ? எத்தினை தரம் சொன்னனான்? உன்னாலை அஞ்சு புள்ளி போச்சு."

"விழப் பாத்தது," என்றாள் ஆரபி.

"விழுந்தா விழட்டும். கை வைக்கக் கூடாது."

ஆரபியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றே பத்மாசினி நினைத்தாள். ஆரபி அழவில்லை. "நீயும் காலமை குண்டு போடேக்கை கோட்டை மிதிச்சனீதானே."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. "வாய் மட்டும் நல்லாய்க் கிடக்கு. வா, கயிறிழுக்க ஆள் காணாது, கடைசியிலை நில்," என்று நிவேதனா கையைப் பிடித்து இழுத்தாள்.

பத்மாசினி தண்ணீர்ப் போத்தலோடும் லேஞ்சியோடும் ஓடினாள். மகளின் முகத்தைத் துடைக்கப் போகையில் ஆரபி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவளுக்குத் தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

"அம்மா, இது எங்கடை இல்லம். நீங்கள் அங்காலை போங்கோ."

பத்மாசினி மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே வந்து அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். சுபாஸ்கரன் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றான்.

"துரத்திப்போட்டாளோ?"

"ஓம்," என்றாள் பத்மாசினி, பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படியாக.