வேட்டுக் கொட்டகை

சேர்வராயன் மலையின் தோளில் செம்மை படருமுன்பே வெள்ளைக்கல் சுரங்கத்தில் சம்மட்டிகள் விழத் தொடங்கிவிட்டன. பர்மாச் சண்டைக்கு எஃகு வேண்டும். எஃகு உலைக்கு இந்தக் கல் வேண்டும். முன்பு அந்தியில் மட்டும் வைத்த பாறை பிளக்கும் வேட்டுகளை இப்போது வேலைநேரத்திலேயே வைத்தார்கள். வெண்தூள் கிளம்பி எல்லார் மேனியிலும் திருநீறாகப் படிந்தது. ஈசன் ஆள் பார்த்துப் பூசவில்லையே என்று கூடை சுமக்கும் அத்தாயிக்குத் தோன்றும்.

நூல் கிடைக்காமல் தறி நின்றபின் சுரங்கத்துக்கு வந்தவள் அவள். பட்டாளத்துக்குப் போன மகன் அர்த்தநாரி உயிரோடிருக்கிறானா என்பது தெரியவில்லை. அவனோடு போன சேரிக் கருப்பண்ணன் மட்டும் ஒரு கால் விளங்காமல் திரும்பி, இதே சுரங்கத்தில் கல் உடைத்தான்.

"குண்டு உழுகறப்ப ஒரே குழிக்குள்ளதான் கெடப்போங்காத்தா. உங்க பையன் என்ற தலைமேல கையை வெச்சு அமுக்கிக்குவாருங்க" என்று அவன் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

சுரங்கத்தில் அப்படியில்லை. வேட்டுக்கு ஒதுங்கப் பலகைக்கல் வேய்ந்த கொட்டகை ஊர்க்காரர்களுக்கு. சேரிக்காரர்கள் வெட்டவெளிக் கற்குவியலுக்குப் பின்னே குந்த வேண்டும். போன அமாவாசைக்குப் பறந்து வந்த கல் சேரிப் பொன்னாயியின் மண்டையைப் பிளந்தது. குவியலில் அந்த ரத்தக்கறை மழைக்கும் கரையவில்லை. அன்று அத்தாயி கொட்டகைக்குள் பத்திரமாக நின்றிருந்தாள்.

மேஸ்திரி வீரபாகு ஊதலை ஊதினான். கண்ணுக்கு ஆள் தெரிந்தால் திரியில் தீ வைக்கலாகாது என்பது சுரங்கச் சட்டம். குவியலுக்குப் பின்னே குந்தியவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள்.

எல்லாரும் ஓடினர். கருப்பண்ணன் காலை இழுத்து இழுத்துக் குவியலை நோக்கிப் போனான். குவியலோ எட்டத்தில் இருந்தது.

"உள்ளார வா, சாமி!" என்று கொட்டகை வாசலிலிருந்து அவனைக் கூப்பிட்டாள் அத்தாயி.



"சேரிக்காரனைச் சாமிங்கறயா? கண்ணுல தூளு உழுந்திருச்சா?" என்றான் மேஸ்திரி.

"இப்பத்தானுங்க கண்ணே தெரியுது."

"அவன் உள்ள வந்தா மத்தவங்க வெளிய போகோணும், பாத்துக்க."

"நான் போறனுங்க."

அவள் வெட்டவெளிக்கு நடந்து கருப்பண்ணன் அருகில் நின்றாள்.

"போயிருங்காத்தா, திரி வெச்சுப்போடுவாங்க!" என்றான் அவன்.

"வெக்கட்டும்." அவன் தலைமேல் கையை வைத்தாள். "எம் பையன் கை இல்லாட்டி என் கை இருக்குது."

கொட்டகையிலிருந்து கூடைக்காரி அங்கம்மாள் வெளியே வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தனர். குவியலுக்குப் பின்னிருந்தும் தலைகள் எழுந்தன.

சேதி கேட்டுக் காண்டிராக்டர் பாலசுந்தரத்தின் கார் சீறி வந்தது.

"நாட்டைக் காப்பாத்தற நேரம்! வேலையை நிறுத்துனா செயிலு, தெரியுமில்ல?"

"காப்பாத்துங்க சாமி," என்றாள் அங்கம்மாள். "கொட்டகைக்கு வெளிய இருக்கறதும் அந்த நாடுதானுங்களே?"

"இருங்கடி, போலீசைக் கூட்டியாறேன்!"

"வரட்டுங்க," என்றாள் அங்கம்மாள். "வேட்டு வெச்சா அவுங்களுக்கும் ஒதுங்க எடம் வேணுமில்லீங்க?"

எவரோ சிரித்தார். பாலசுந்தரம் வெடிக்காரன் பக்கம் திரும்பினார்.

"மாரியப்பா, வெய்யிடா தீயை!"

மாரியப்பன் கையில் திரி பற்றவைக்கும் கயிற்றின் நுனிக் கங்கு புகைந்தது. அவன் எதிரே நின்ற முகங்களைப் பார்த்தான்.

"ஆள் தெரியுதுங்களே, மொதலாளி" என்று சொல்லிக் கயிற்று நுனியை வெண்தூளில் அழுத்தி அணைத்தான்.

கார் டவுனுக்குப் பறந்தது. உச்சிப்பொழுதில் அது போன பாதையில் போலீஸ் லாரியின் புழுதி எழுந்தது. வெடிமருந்து அடைத்த துளைகள் பாறைக்குள் வாய்மூடிக் காத்திருந்தன. கொட்டகை காலியாய்க் கிடந்தது. நீறு படிந்த அந்தக் கூட்டத்தில் ஊர் எது, சேரி எது என்று தெரியவில்லை.

அத்தாயி அவன் தலைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.