தைத்தவருக்கு ஒரு வரி

ஒரு ஆர்டரைத் திறக்க ஐம்பது வினாடி ஆனது. தமிழினி அதை எண்ணி எண்ணியே தெரிந்துகொண்டிருந்தாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றும். அவள் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மூடுவாள். வட்டம் அப்போதும் சுற்றும். பின்னால் பேக்கிங் மேசையில் இரம் என்ற பெண், ஷூ பெட்டியைக் கையில் பிடித்தபடி முகவரிச் சீட்டுக்காக நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, இன்னும் வரலியா?"

"வரும் வரும். மாப்பிள்ள ஊர்வலம், நின்னு நின்னுதான் வரும்."

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனி, ஆன்லைனில் விற்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. வாங்குகிறவர்கள் பார்க்கும் கடை பளிச்சென்று ஓடியது. ஆர்டர் பார்க்கிற உள்பக்கம்தான் இரண்டு மாதமாக நொண்டியடித்தது. மறுநாள் தள்ளுபடி விற்பனை. சாயங்காலத்துக்குள் சரியாகவில்லையென்றால் ஆர்டர் வேலையை வேறு கம்பெனி ஆட்களுக்குக் கொடுத்துவிடப் போவதாக மேனேஜர் ஜெபராஜ் காலையிலேயே சொல்லியிருந்தார்.

செல்போன்களைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆபீஸ் போனில்தான் தமிழினி சென்னைக்குக் கூப்பிட்டாள். இந்தக் கடையை அமைத்துக் கொடுத்த சூரியபிரகாஷ் எடுத்தான்.

"கடையோட நெறைய இணைப்பு, குட்டிக் குட்டி புரோகிராம், சேத்திருக்காங்க மேடம். ஒண்ணொண்ணா நிறுத்துங்க, பக்கத்தத் திறந்து நேரம் பாருங்க, உடனே திரும்பப் போட்டுடுங்க. எத நிறுத்தினா வேகமாவுதோ அதுதான் ஆளு."

கூரியர் இணைப்பை நிறுத்தினாள், ஐம்பது வினாடி. கூப்பன், ஐம்பது. ஒன்பதாவதை நிறுத்திவிட்டு வழக்கம்போல பாட்டிலுக்குக் கையை நீட்டினாள். கை போய்ச் சேர்வதற்குள் பக்கம் திறந்துவிட்டது.

அந்த ஒன்பதாவது இணைப்பின் பெயர் 'தைத்தவருக்கு ஒரு வரி'. கடையில் ஒவ்வொரு ஷூவுக்குக் கீழேயும் அதைத் தைத்த பெண்ணின் படமும் பெயரும் இருக்கும். பக்கத்தில் ஒரு பெட்டி. வாங்கியவர் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது எழுதலாம். அந்தப் படங்களில் ஒன்று தமிழினியின் அம்மா விஜயகுமாரி. பத்தொன்பது வருடம் இதே கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்தவள். போன வருடம் அறுபது பேரை வேலையிலிருந்து நிறுத்தியபோது அவளையும் நிறுத்தினார்கள். படத்தை நிறுத்தவில்லை. இப்போது துத்திப்பட்டு வீட்டில் உட்கார்ந்து, ஏஜென்ட் கொண்டுவந்து போடும் தோலை ஜோடிக் கணக்கில் கையால் தைக்கிறாள். அதுவும் இந்தக் கம்பெனிக்குத்தான் வருகிறது.

அம்மாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஊசியை இழுத்துக்கொண்டே, "இத யாரு போட்டுனு நடப்பாங்க தமிழு?" என்பாள். பதில் தெரியாது என்று தெரிந்தும் கேட்பாள்.

"முப்பத்தெட்டாயிரம் லெட்டர் படிக்காம கெடக்குது மேடம்," என்றான் சூரியபிரகாஷ், மறுபடி போனில். "நீங்க எந்தப் பக்கத்தத் திறந்தாலும் அத்தனையும் எண்ணிட்டுதான் திறக்குது. மொத்தத்தையும் படிச்சதா குறிச்சிட்டு அழிச்சிடுங்க. குறிச்சா, 'தைத்தவர் படித்துவிட்டார், நன்றி'ன்னு எழுதுனவங்களுக்கு மெயில் போவும். அது தானா போறதுதான்."

தமிழினி போனை வைத்தாள். அம்மாவுக்குத்தான் யாரும் எழுதவில்லை, மற்றவர்கள் கடிதமெல்லாம் தைக்கிற லைனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். எழுந்து ஜெபராஜிடம் போனாள்.

"மொதல்ல ஒரு லைனுக்கு பிரிண்ட் எடுத்துக் குடுத்துப் பாத்தோம்மா," என்றார் அவர். "மெஷின நிறுத்திட்டுப் படிக்கறாங்க. ஒருத்தி அழுவறா. தெக்கிற பீஸ் கம்மியாயிடுச்சி. மேல வேணாம்னுட்டாங்க."

"அப்ப அந்தப் பெட்டியவே எடுத்துடலாமே சார்."

"அதப் பாத்துதாம்மா ஜனங்க வாங்கறாங்க. பெட்டி இருக்கட்டும். பழச அழி."

"எங்கம்மாவுக்கு வந்தத மட்டும் எடுத்துக்கட்டுமா சார்?"

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. "கம்பெனி டேட்டா வெளிய போவக்கூடாது. மூணு மணிக்கு அழிச்சிடு. சாப்பாட்டு டைம்ல நான் இங்க இருக்கமாட்டேன்."

அம்மாவுக்கு இருநூற்றுப் பதினாலு கடிதம். சாப்பாட்டுக்கு அரைமணி. கடிதத்தைத் திறக்க வேண்டுமானால் அந்த இணைப்பை மறுபடி போட்டாக வேண்டும். போட்டால் வட்டம் சுற்றும். முகவரி பிரிண்டரில் கடிதம் ஏறாது. வீணாய்ப்போன முகவரிச் சீட்டுகளின் பின்பக்கம் கையாலேயே எழுதினாள். ஒன்றை எழுதும்போதே அடுத்ததைச் சுற்றவிட்டாள். 'சூப்பர்', 'நைஸ்' என்று இரண்டு. கல்யாணத்துக்கு வாங்கியவன் ஒருவன். சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது. அரைமணியில் பதினோரு கடிதம் தேறியது. யார் எழுதியது என்று பார்க்க வேறொரு பக்கம் திறக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஐம்பது வினாடி. அதை அவள் விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்தாள். முப்பத்தெட்டாயிரம் பேருக்கு மெயில் போனது. பிறகு அழித்தாள். பக்கம் பட்டென்று திறந்தது. ஜெபராஜ் வந்து பார்த்து, "சூப்பர்மா," என்றார்.

பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சீட்டுகள் இருந்தன. அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவளுக்கு அத்தனை ஆசையாக இருந்தது.

விஜயகுமாரி வாசல் வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடைமேல் தோலை வைத்து ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். தமிழினி செருப்பைக் கழற்றாமலேயே படித்தாள். பத்துக் கடிதத்துக்கும் அம்மா கை ஓய்ந்தது பாதி, ஓயாதது பாதி. பதினொன்றாவதில் ஊசி நின்றது.

'நான் திருநெல்வேலியில் டீச்சர். நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். என் காலை இப்படி யாரும் தாங்கியதில்லை. நீங்கள் தைத்ததை நீங்கள் போட்டுப் பார்த்ததுண்டா அம்மா? உங்கள் அளவை எழுதுங்கள். ஒரு ஜோடி வாங்கி உங்களுக்கே அனுப்ப ஆசை.'

"இன்னொருவாட்டி படி."

படித்தாள். அம்மாவின் வாய் சிரித்தது. கண் வேறெங்கோ இருந்தது. இவ்வளவு நாள் யார் யார் என்று கேட்டவளுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"எப்ப எழுதினாங்க?"

"ரெண்டு வருசம் ஆவுதுமா."

"அடடா. பதில் போடாத ராங்கிக்காரின்னு நெனச்சிருப்பாங்க."

"இல்லமா. இன்னிக்கி மெயில் போயிருக்கு, நீ படிச்சிட்டன்னு."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று தமிழினிக்குத் தோன்றியது.

"அப்ப அளவ எதிர்பாத்துனு இருப்பாங்களே," என்று விஜயகுமாரி பதறிக்கொண்டு தோலைக் கீழே வைத்தாள். "எனுக்கு இன்னா அளவு? எத்தினி அளவு தெச்சிருக்கேன், என் அளவு தெரியலியே. நீ பெரிய பேப்பரா ஒண்ணு எடு. வரைஞ்சே அனுப்பிடலாம்."

சீட்டில் கடிதத்துக்குக் கீழே பெயரில்லை, ஆர்டர் எண் இல்லை. திருநெல்வேலிக்குக் கம்பெனி அனுப்பிய பெட்டிகள் எத்தனையோ ஆயிரம். தமிழினி உள்ளே போய் காலண்டரிலிருந்து போன மாதத்தைக் கிழித்து வந்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரியத் தரையில் விரித்தாள்.

விஜயகுமாரி பாதத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, மெல்ல அதன்மேல் ஏறி நின்றாள். தமிழினி முட்டி போட்டுப் பேனாவைக் குதிகாலில் வைத்தாள்.

"ஆடாம நில்லுமா," என்றாள்.