விதை பற்றிய அறிவிப்பு

பிதக் தன் விந்தை உறைய வைத்திருக்கும் விஷயம் எங்கள் ஊரில் இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் தெரியும். ஊர்த்தலைவர் கம்சிங் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் சொன்னார். சொல்லச் சொன்னது பிதக்தான்.

அதற்கு முன்னால் துவாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பச்சைப் பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்துக் காரக் கலவையாக விற்பவள். இருபத்து நான்கு வயதில் அவளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. நான் ஊரின் சுகாதாரத் தன்னார்வலர். பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறேன். மருந்து ஏற்ற ஒவ்வொரு முறையும் அவளை வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் நான்தான். பிழைத்துக்கொண்டாள். முடிகூட வளர்ந்துவிட்டது. மாதவிலக்கு மட்டும் திரும்பவில்லை.

மருந்தில் சினைப்பை கெட்டுவிட்டது, இனி குழந்தைக்கு வாய்ப்பு குறைவு என்றார் மருத்துவர்.

"முன்னாடியே ஏதாவது செஞ்சிருக்கலாமா டாக்டர்?"

"மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கருமுட்டைய எடுத்து உறைய வெச்சிருக்கலாம். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

துவாங் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தேன். திரும்பும் வழியில் ஒரு பை நிறைய வாழைக்காய் வறுவல் வாங்கி, எனக்கு ஒன்றுகூடத் தராமல் தின்று முடித்தாள். ஊர் வந்ததும், "வரேன் பெரியம்மா" என்று சொல்லி இறங்கினாள். அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, டயர் கடை பிதக்குக்கு விரையில் புற்றுக்கட்டி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றை அறுத்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மருந்து ஏற்றுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் அவன் வீட்டில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது துவாங் உலக்கையும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏன்டா, உறைய வைக்கிறத பத்தி டாக்டர்கிட்ட கேட்டியா?"

"எத உறைய வைக்கிறது?"

"மீனையா சொல்வேன்? உன்னோடத்தான்டா. மருந்து ஏத்துனா விந்து இல்லாமப் போனாலும் போயிடும்."

"பெரியம்மா முன்னாடி ஏன்க்கா இதெல்லாம்..."

"பெரியம்மா முன்னாடிதான் பேசணும். என் விஷயத்துல அவங்களும் கேக்கல, நானும் கேக்கல."

அவனுக்கு பிரஷர் நூற்று அறுபது காட்டியது. நான் குறித்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே மூன்று பேரும் போனோம். மருத்துவர், "நல்லவேளை கேட்டீங்க" என்று வேறொரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு சின்ன அறை. உள்ளே சோபா, கதவில் தாழ்ப்பாள். நானும் துவாங்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல சம்சாரம் யாரு?" என்றாள்.

"நாங்க பக்கத்து வீடு" என்றாள் துவாங்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து பிதக் வெளியே வந்தான். திங்கட்கிழமை சொன்னபடியே மருந்து ஏறியது.

சிகிச்சை முடிந்து தலையில் பூனைமுடி முளைத்த பிறகு அவன் தலைவரிடம் போனான். தன் பெயரைச் சொல்லியே அறிவிக்கும்படி கேட்டான். கம்சிங் ஒரு நாள் யோசித்தார். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் அறிவிப்பு முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"நம்ம டயர் கடை பிதக் தன்னோட விதைய ஆஸ்பத்திரில பத்திரமா வெச்சிருக்காப்ல. அதே மாதிரி விதைய சேமிக்க நினைக்கிறவங்க தன்னார்வலரப் பாக்கவும்."

ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் பதினோரு பேர். நான்கு பேர் சாக்கு கொண்டுவந்திருந்தார்கள். மல்லிகை நெல்லுக்கும் இது உண்டா என்று ஒருவர் கேட்டார்.

மறுநாள் துவாங் போய் மைக்கை வாங்கிக்கொண்டாள். கம்சிங் கொடுக்கத் தயங்கினார், அவள் காத்திருக்கவில்லை.

"நான் துவாங் பேசறேன். நேத்து தலைவர் சொன்னது நெல்லு இல்ல, விந்து. பொம்பளைங்களுக்குக் கருமுட்டை. புத்துநோய்னு சொல்லிட்டாங்கன்னா, மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: 'பிற்பாடு எனக்குக் குழந்தை பொறக்குமா, அதுக்கு இப்பவே என்ன செய்யணும்?' எனக்குக் கேக்கத் தெரியல. அதனால எனக்கு இல்ல. இன்னிக்குக் கடை உண்டு."

கொஞ்ச நேரம் ஒலிபெருக்கி அணையாமல் இரைந்துகொண்டிருந்தது. பொத்தான் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காரம் போதவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த மாதம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் தன் பத்தொன்பது வயது மகளோடு என்னைத் தேடி வந்தாள். முந்தின நாள்தான் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் இல்லை, நிணநீர்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அந்தத் தாய் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தாள். நான் துவாங்கைக் கூப்பிட்டேன். அவள் கடையை மூடிவிட்டு எங்களோடு வேனில் ஏறினாள். அவசரமில்லை, மருந்து ஏற்றுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். அந்த இரண்டு வாரமும் நான் தினமும் போய், கருமுட்டை வளர்வதற்காக அந்த மகளின் வயிற்றில் ஊசி போட்டேன்.

கருமுட்டை எடுத்த அன்று நர்ஸ் வெளியே வந்து, "ஏழு" என்றாள்.

"எத்தனை?" என்றாள் துவாங்.

"ஏழு."

துவாங் தலையாட்டினாள். பிறகு கழிவறைக்குப் போய் நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்கு ஒரு வாரத்துக்குப் பப்பாளிக்காய் கொடுக்க வேண்டாம், காரம் ஆகாது என்று அந்தத் தாயிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.