அக்கா திறந்த கதவு

கடன் கட்டாத வீடுகளில் ஆள் குடியிருக்கிறதா என்று நேரில் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவது அவள் தொழில். சொந்தமாகத் தொடங்கி, நாயாய் அலைந்து, இப்போதுதான் காலூன்றியிருந்தாள். இந்த ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தால் நகரின் வடபகுதி வேலை முழுவதும் அவளுக்கே என்று கடன் கொடுத்த கம்பெனி சொல்லியிருந்தது. மற்ற ஆய்வாளர்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய வீடு. உள்ளே ஆள் இருப்பது உறுதியானால்தான் வெளியேற்ற முடியும்.

அவள் தட்டவில்லை. “அக்கா, நான்தான்” என்றாள்.

தாழ்ப்பாள் உடனே விலகியது.

“வா மகாராணி. இன்னிக்கு யார் குடியைக் கெடுத்துட்டு வர்ற? கதவு தட்டுற சத்தம் கேட்டாலே மூச்சுகூட விடாம உக்காந்திருக்கேன்டி.”

நான் மறுத்தால் வேறொருத்தர் வந்து முடித்துவிடுவார் என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். வேறு யாருக்கும் இந்தக் கதவு திறக்காது என்பது இப்போது உறைத்தது. உறைத்தும் போனை உயர்த்தினாள்.

“என்னடி, திடீர்னு போட்டோ?”

“சும்மாதான். கொஞ்சம் தள்ளி நில்லு” என்றாள், கதவிலிருந்த எண் தெரிவதற்காக.

அக்கா தலையைக் கோதிக்கொண்டு சிரித்தாள். “கண்ணை மூடிட்டேன் போல. இன்னொண்ணு எடு.”

எடுத்தாள். இரண்டாவது படத்தில் அக்கா நன்றாக விழுந்திருந்தாள். அதையே கம்பெனிக்கு அனுப்பினாள்.