கதவுக்கு வந்தவனின் பெயர்

டென்மார்க்கின் ஓகூஸ் நகர மண்டபத்தில் கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோதே கோணேசனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. விழா ஏற்பாட்டாளரான கீர்ஸ்டன் என்ற டேனிஷ்காரி அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். துப்புரவுக்கு வந்தவனைப் பார்த்து யாரும் அவ்வளவு நேரம் தலையாட்டுவதில்லை. அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

துப்புரவுக் கம்பனியில் அவனோடு வேலை செய்யும் பாலேந்திரா யாழ்ப்பாணத்துக்காரர். வாய் சும்மா இராது. கோணேசன் அவரிடம் போனான்.

"அண்ணை, இந்த மனிசியிட்ட என்னைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ?"

"உன்ர தம்பியைக் காணேல்லையெண்டு சொன்னனான். அவ காணாமல் போன ஆக்களைத் தேடுற அமைப்பிலையும் இருக்கிறா. பேர் பதியிற படிவம் கொண்டந்திருக்கிறாவாம்."

"பேர் சொன்னனீங்களோ?"

"நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும். தம்பியின்ர பேரை என்னவோ தங்கக்கட்டி மாதிரி ஒளிச்சு வச்சிருக்கிறாய்."

கோணேசன் யாருக்கும் சொல்லவில்லைதான். 2009 செப்டம்பர். ஊரில் சண்டை முடிந்து நாலு மாதம். தம்பி லோஜன் மட்டக்களப்பில் பிறந்து வன்னியில் கலியாணம் கட்டியவன். அங்கே புலிகள் இயக்கத்தின் வாகனங்களைத் திருத்தும் கராஜில் வேலை செய்தான். துவக்கைத் தொட்டவன் இல்லை. ஆனால் அந்த வித்தியாசத்தைக் கேட்க முள்ளுக்கம்பி முகாமுக்குள் ஆள் கிடையாது. பலர் இன்னொருவரின் பெயரில் முகாமில் பதிந்திருப்பதாகக் கேள்வி. தம்பியும் அப்படிப் பதிந்திருந்தால், உண்மைப் பெயர் எழுதிய படிவம் டென்மார்க்கிலிருந்து போய்ச் சேரும்போது அண்ணனே விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும்.

பெயரை எங்கும் கொடுக்காததற்கு மனைவி நிலானிக்கு அவன் சொல்லிவந்த காரணம் அது. இன்னொன்றை அவளுக்கும் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "லோஜனின்ர அண்ணனோ?" என்றது ஒரு ஆண்குரல். தமிழ்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று பிடிபடவில்லை. தகவல் பிடுங்க வந்தவன் என்று கோணேசன் முடிவு கட்டினான். அப்படி ஒருவரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கட் பண்ணினான். அதன் பிறகு ஒரு அழைப்பும் வரவில்லை. கேட்டவன் உளவாளியா, தம்பிக்காகக் கேட்ட நல்லவனா, தம்பி பக்கத்தில் நின்றானா, எதுவும் தெரியாது.

இரண்டு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த வட கிரீன்லாந்தின் தூலே மக்களை 1953இல் அமெரிக்க விமானத்தளத்துக்காக அவர்களுடைய நிலத்திலிருந்து கிளப்பியதற்கு டேனிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டுப் பத்து வருடம் நிறைந்திருந்தது. கொடி, கோப்பி, கேக், உரைகள்.

"நாப்பத்தாறு வருசம் கழிச்சு மன்னிப்பு. அதுக்குப் பத்து வருசம் கழிச்சுக் கேக்," என்றார் பாலேந்திரா. "எங்கட கேக்கை வெட்டேக்கை நானும் நீயும் இருக்க மாட்டம்."

கடைசியாகப் பேசியவர் எலியாஸ். அறுபது கடந்த கிரீன்லாந்துக்காரர். ஊரைவிட்டுக் கிளப்பப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. மன்னிப்புக் கடிதத்தைப் பலமுறை வாசித்ததாகச் சொன்னார். அது அரசின் பெயரில் வந்தது, ஆனால் எங்கள் கதவுக்கு அரசு வரவில்லை என்றார். ஈரச் சப்பாத்தோடு ஒரு மனிதன் வந்தான். அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்தான். நாலு நாளில் போய்விட வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னான். எங்கள் பெயர்களெல்லாம் பாதிரியாரின் பதிவுப் புத்தகத்தில் இருந்தன. அதனால்தான் பின்னால் நீதிமன்றத்தில், அங்கே இருந்தவர்கள் நாங்கள்தான் என்று சொல்ல முடிந்தது. அவனுடைய பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கும் தேடுகிறேன் என்று முடித்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். கோணேசன் தட்டவில்லை. தன்னைப் போன்றவர்களை இளக்கவென்றே கிழவரைப் பேசவிட்டிருப்பார்களோ என்றுகூட நினைத்தான். ஆனால் கோப்பைகளைத் தட்டில் அடுக்கும்போது அந்தப் பாதிரியாரின் புத்தகம் மண்டையை விட்டுப் போகவில்லை. லோஜனை யாரும் எங்கேயும் எழுதவில்லை. அப்படி ஒரு ஆளே எங்களிடம் வரவில்லை என்று நாளைக்கு இலங்கை இராணுவம் கைவிரித்தால் மறுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தம்பியைப் பற்றி இதுவரை கேட்கப்பட்ட ஒரே ஆள் கோணேசன். அவனும் இல்லையென்றே சொல்லியிருந்தான்.

தட்டை வைத்துவிட்டுக் கீர்ஸ்டனின் மேசைக்குப் போனான். இந்தக் கடதாசி யார் யார் கைக்குப் போகும் என்று கேட்டான். நீ சம்மதிக்காமல் இலங்கை அதிகாரிகளுக்குப் போகாது என்றாள். அவன் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் செய்தான். அவள் கோபப்படவில்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இருந்தும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். லோஜனின் முழுப்பெயர், பிறந்த திகதி, கராஜ் இருந்த இடம் எல்லாவற்றையும் எழுதினான். கடைசியாகத் தொடர்புகொண்டது எப்போது என்ற இடத்தில் பேனை நின்றது. பக்கத்தில் நின்ற பாலேந்திரா, மறந்துபோச்சுதெண்டு போடு என்றார்.

"மறக்கேல்ல அண்ணை. மே இருபத்து மூண்டு. ஆரோ போன் எடுத்துக் கேட்டவன். நான் தம்பியைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

கோணேசன் அதையே டேனிஷில் எழுதினான். எழுத்துப்பிழைகளோடு இரண்டு வரி.

கீர்ஸ்டன் கையை நீட்டினாள். அவன் படிவத்தைக் கொடுக்கவில்லை. இன்னொரு வெற்றுத்தாளை அவள் பக்கம் தள்ளி, உன்னுடைய முழுப்பெயர், வீட்டு விலாசம், இன்றைய திகதி, என்னிடமிருந்து என்ன வாங்கினாய் என்பது, எல்லாம் எழுதிக் கையெழுத்து வை என்றான். அலுவலக முத்திரை தருகிறேனே என்றாள்.

முத்திரை வேண்டாம் என்றான் அவன். பெயர் வேண்டும்.

அவள் எழுதிக் கையெழுத்து வைத்தாள். கோணேசன் அந்தத் தாளை எழுத்தெழுத்தாக வாசித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அதற்குப் பிறகுதான் படிவத்திலிருந்து கையை எடுத்தான்.