கீழத்தெரு அடிகுழாய்

செண்பகராஜுக்கு அப்போது இருபத்தேழு வயது. கோவில்பட்டியில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் மாதிரி எடுக்கிற வேலை. ஊர் ஊராகப் போய் அடிகுழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து, எந்தத் தெருக் குழாய் என்று சீட்டு ஒட்டிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பது மற்றவர்கள்.

1994 ஐப்பசியில் பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குப் போனார். அங்கே இரண்டு அடிகுழாய்கள். ஒன்று பள்ளிக்கூட வாசலில். மற்றது ஆடு மேய்க்கிறவர்கள் குடியிருந்த கீழத்தெருவில், புன்செய்க் காட்டைத் தாண்டி முக்கால் மைல் தள்ளி. முதல் நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பிக் காலைத் தூக்க முடியவில்லை. பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். திரும்பி வந்து பள்ளிக்கூடத்துக் குழாயிலேயே இரண்டு கேன்களையும் நிரப்பினார். இரண்டாவதில் ‘கீழத்தெரு’ என்று சீட்டு ஒட்டினார். ஒரே ஊர்த் தண்ணீர், என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

இரண்டுமே குடிக்கத் தகுந்தவை என்று அறிக்கை வந்தது. அவரும் அதை மறந்துபோனார்.

2003 சித்திரையில், பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃப்ளோரைடு தண்ணீரில் எங்கெங்கே கூடியிருக்கிறது என்று பார்த்துவர அதே பக்கம் அனுப்பினார்கள். இந்தத் தடவை காய்ந்த காட்டைக் கடந்து கீழத்தெருவுக்கு நடந்தார். வெயிலம்மாள் என்கிற பெண் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பேர் என்ன என்று கேட்டார். முத்துச்செல்வி என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். தம்பி அந்தக் கையைப் பிடித்து இழுத்தபோது பல்லெல்லாம் பழுப்புக் கோடாக இருந்தது தெரிந்தது.

வயது எட்டு. இந்தத் தெருவில் அவள் வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் என்றாள் வெயிலம்மாள். பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுகிறார்கள் என்று மகள் போகமாட்டேன் என்கிறாளாம்.

“முந்தி ஊருணித் தண்ணிதான் குடிச்சோம் சார். ஆபீஸ்காரவிய நல்ல தண்ணின்னு பஞ்சாயத்துல தாள் ஒட்டிட்டுப் போனாவ. அதுக்கப்பொறந்தான் ஊருணிக்கு நடக்கத விட்டோம்.”

செண்பகராஜ் கேனைக் கழுவி நிரப்பினார்.

ஃப்ளோரைடு லிட்டருக்கு நாலு மில்லிகிராம் என்று வந்தது. ஒன்றரைக்கு மேல் இருக்கக் கூடாது. மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். நிலத்தடித் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் மாறும், பழைய அறிக்கையைக் கிளற வேண்டாம் என்று அவர் முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்க ஆள் போனபோது, செண்பகராஜும் கூடவே போனார். வெயிலம்மாளை அவள் வீட்டு வாசலில் பார்த்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“அன்னைக்கு அவ்வளவு சகதியா சார்?” என்றாள் அவள்.

“ஆமாம்மா. கால் வைக்க முடியல.”

“நான் இவள வயித்துல வச்சிக்கிட்டு அதுலதான் ஆடு பத்திக்கிட்டுப் போயிட்டு வந்தேன்.”

வைதிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. அவள் வையவில்லை.

கதவோரம் நின்றிருந்த முத்துச்செல்வி, வேறு தண்ணீர் குடித்தால் பல் வெள்ளையாகிவிடுமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னார்.

“தம்பிக்கு?” என்றாள்.

“அவனுக்கு நல்லா வரும்மா. இனிமே இந்தக் குழாய்த் தண்ணியக் குடுக்காதீங்க.”

வெயிலம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முத்துச்செல்வியும் பின்னால் போனாள்.

மூன்று வருஷம் கழித்து அந்தத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது. முதல் மாதிரி எடுத்துவர செண்பகராஜைத்தான் போகச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தார்.