பெரியவளுக்குப் போட்ட சட்டம்

வாடகைக் கார் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் போக முடியாமல் நின்றுவிட்டது. முன்னால் ஒரு மினி லாரியிலிருந்து ஈரச் சாக்குமூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "இங்கயே இறங்கிக்கலாம்க்கா, நாலு வீடு தள்ளித்தான்" என்றாள் பியூலா. வழியெல்லாம் தெரிந்திருக்கிறது, எத்தனை தடவை வந்திருப்பாளோ என்று பெலிண்டா நினைத்தாள். முன்சீட்டிலிருந்து அப்பா சவரிநாதன் இறங்கி, வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால்வைத்து நடந்தார். அவருக்குப் பின்னால் அம்மா லூர்துராணி. தரையெல்லாம் சேறும் நசுங்கிய சம்பங்கியும். வாசனை என்று அதைச் சொல்ல முடியாது. புதுப் பூவும் அழுகிய பூவும் கலந்து தொண்டையில் வந்து உட்காருகிற ஒரு நெடி.

தங்கையை இந்த வீட்டில்தான் கொடுக்கப்போகிறார்கள். பியூலா புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். சுரேஷ்குமார் அதே ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்தில் இருந்தவன். அவனுடைய அப்பா இறந்ததும் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்துப் பூ மண்டியை எடுத்துக்கொண்டான். வேலையை விட்டானே தவிர பழக்கத்தை விடவில்லை. போன மாதம் பியூலா வீட்டில் விஷயத்தை உடைத்ததும், அம்மா கே.கே.நகரில் இருக்கும் பெலிண்டாவுக்குப் போன் செய்தாள். "அப்பா ஒண்ணும் சொல்லலடி. பையன் குடிப்பானான்னு மட்டும் கேட்டாரு." தோசை மாவு காய்ந்துபோன கையோடு பெலிண்டா வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். வேற்று மதத்துப் பையன் என்பதற்காக அப்பா கத்தியிருக்க வேண்டும், சாப்பிடாமல் கிடந்திருக்க வேண்டும், பியூலாவின் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை யாரிடமும் சொல்ல முடியாது. கணவர் ஸ்டீபன்ராஜிடம்கூட.

அக்காவுக்கும் தங்கைக்கும் பதினான்கு வயது வித்தியாசம். பெலிண்டா பிறந்தபோது அது கத்தோலிக்கக் குடும்பம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த சவரிநாதன் சம்பளத்தன்று வீட்டுக்கு வராத மனிதர். கூட வேலை பார்த்த ஒருவர் வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போன ஜெபக்கூட்டத்தில் ஒரே நாளில் குடியை விட்டார். விட்டது விட்டதுதான், அதற்குப் பிறகு தொடவே இல்லை. ஆனால் குடியோடு சேர்ந்து மற்றவையும் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. மாதா படம் போனது. அம்மாவின் தாலி போனது. பெலிண்டாவின் காதிலிருந்த சின்னத் தோடு போனது, கொஞ்ச காலத்தில் துளையும் தூர்ந்தது. டிவி, பொட்டு, பூ, பக்கத்து வீட்டுப் பொங்கல் எல்லாவற்றுக்கும் அப்பா ஒரே பெயர் வைத்தார்: உலகம். "நாம உலகத்தார் இல்ல" என்பார். மன்னார்புரத்தில் தகரக்கூரை போட்ட சபையில், வெள்ளை முக்காட்டுக்குள் வியர்த்தபடி, உலகத்தாராக இல்லாமல் பெலிண்டா வளர்ந்தாள்.

பத்தாம் வகுப்பில் அவளுக்கு முன்பெஞ்சில் பானுமதி உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் இரட்டைச் சடையில் வளைந்து தொங்கும் முல்லைச் சரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பெலிண்டா அல்ஜீப்ரா படித்தாள். மதியத்துக்கு மேல் மொட்டு விரியும். பானுமதி தலையைத் திருப்பும்போதெல்லாம் இவளுடைய நோட்டில் ஒரு பூ விழும். அந்த வயிற்றெரிச்சலுக்குப் பொறாமை என்று பெயர் இருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது. சபையில் சொல்லிக்கொடுத்த பெயர் வேறு. அழிந்துபோகிற ஆத்துமாக்களுக்காகப் பாரப்படுவது. பெலிண்டா பானுமதிக்காக மிகவும் பாரப்பட்டாள்.

ஒரு நாள் பானுமதியே தன் சரத்தில் பாதியைக் கிள்ளி இவள் சடையில் வைத்துவிட்டாள். அதிலிருந்து அது வழக்கமாயிற்று. காலையில் வைத்துக்கொள்வது, சாயங்காலம் பஸ் ஏறும் முன் எடுத்துவிடுவது. பரீட்சைக்கு முந்தைய ஒரு நாளில் தூக்கக் கலக்கத்தில் எடுக்க மறந்துவிட்டாள். மன்னார்புரம் ஸ்டாப்பில் இறங்கியபோது எதிரே ஷிப்ட் முடிந்து சைக்கிளைப் பிடித்தபடி அப்பா. அவர் திட்டவில்லை. கிட்டே வந்து, பூவைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். பூவோடு முடியும் வந்தது. சாக்கடையில் போட்டுவிட்டு "ஏறு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அவளை முன்னால் முழங்காலில் நிறுத்தி, வேதத்தில் தன்னை அலங்கரித்துக்கொண்ட கெட்ட ராணி யேசபேலின் ஆவி என்றார். சபை மூப்பர்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கைகளின் பாரத்தில் கழுத்து வலித்தது. அந்தக் கைகளில் ஒன்று அப்பாவுடையது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழாமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை எதிர்த்திருப்பாள். அந்த அழுகை அவளை முறித்துவிட்டது. அதற்குப் பிறகு சபையில் அவளைப் போல ஒரு பெண் இல்லை. ஞாயிறு பள்ளி எடுத்தாள், வாலிபர் கூட்டத்தில் பாடினாள், பாஸ்டரும் அப்பாவும் பேசி முடிவுசெய்த ஸ்டீபன்ராஜை வெள்ளைச் சேலையில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் கட்டிக்கொண்டாள். ஸ்டீபன்ராஜ் நல்லவர். அதைப் பற்றி அவளுக்குப் புகாரில்லை.

பிறகுதான் எல்லாம் மாறியது. எப்போது மாறியது என்று கேட்டால் சொல்ல முடியாது. பழைய பாஸ்டர் மகனோடு கனடா போய்விட்டார். புதிதாக வந்தவர் கிடார் வாசிக்கிறவர், அவருடைய மனைவி காதில் சின்னதாகக் கல் வைத்துக்கொண்டு மேடையில் பாடினாள். தகரக்கூரை போய் ஏசி வந்தது. வளையல் வந்தது, வீட்டில் டிவி வந்தது. இனிமேல் இதெல்லாம் பாவமில்லை என்று ஒருவரும் மேடையேறி அறிவிக்கவில்லை. பழைய சட்டங்கள் ஊறப்போட்ட காகிதம் போல ஊறிக் கரைந்துபோயின. பியூலா அந்தக் கரைசலில் வளர்ந்தவள். காலேஜ் டூரில் ஜீன்ஸ் போட்டாள். காது குத்திக்கொள்ள ஆசை என்றபோது அப்பாவே அவளை வண்டியில் கூட்டிப்போனார். எல்லாரோடும் சேர்ந்து பெலிண்டாவின் தலையை அழுத்திய அதே மனிதர்தானா இவர் என்று பெலிண்டாவுக்குச் சந்தேகமாக இருக்கும். இன்றைக்குப் பூ வைத்துக்கொள்ள அவளுக்கும் தடையில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

சுரேஷ்குமாரின் அம்மா ரங்கநாயகி வாசலுக்கே வந்து அழைத்தாள். கனத்த உடம்பு, ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். "வாங்கண்ணே, வாங்கம்மா. சந்து எப்பவும் இப்படித்தான் இருக்கும், மத்தியானத்துக்கு மேலதான் மனுஷன் நடக்கலாம்." கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சுரேஷ்குமார் கூச்சத்தோடு காபி டம்ளர்களை எடுத்து வந்தான். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அப்பா போகாமல் இருந்து பெலிண்டா பார்த்ததில்லை, அவளுடைய பெரிய பையன் பிறந்த அன்றுகூட ஜெபம் முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்று காபி குடிக்கிறார். சர்க்கரை போதுமா என்று கேட்டதற்குச் சிரிக்கிறார்.

கல்யாணத்தை ரெஜிஸ்டர் ஆபீஸில் வைத்து, பிறகு இரண்டு பக்கமும் ஒரு விருந்து கொடுப்பது என்று பேச்சு சுமுகமாகவே போனது. பேச்சு முடிகிற நேரத்தில் ரங்கநாயகி உள்ளே போய்த் தாம்பாளத்தில் குங்குமம் இல்லாமல், பழமும் மூன்று பந்து மல்லிகையும் வைத்து எடுத்து வந்தாள். குங்குமம் வைக்கக் கூடாது என்று யோசித்திருக்கிறாள். அந்த யோசனை பெலிண்டாவுக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. பியூலா எழுந்து, சடையை முன்னால் போட்டு, தலையைக் குனிந்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வைக்கக் கூடாதுங்க" என்றாள் பெலிண்டா.

அவள் குரல் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை அடக்கும் குரலாக வந்தது. ரங்கநாயகியின் கை பியூலாவின் தலைக்கு மேலே நின்றது.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் வைக்கிறதில்ல. பியூலா ஞானஸ்நானம் எடுத்தவ. எங்களுக்கு அது பாவம்."

"வைக்கப் புடிக்காதாம்மா, வைக்கக் கூடாதா?" என்று ரங்கநாயகி நிதானமாகக் கேட்டாள். "புடிக்கலன்னா விட்டுரலாம், அது அவங்கவங்க இஷ்டம். கூடாது, பாவம்னா யோசிக்கணும். விடிஞ்சா எழுந்தா எங்களுக்குச் சோறு போடறது இதுதான். மருமக தொடக்கூடாதத நாங்க தொட்டுத் தொட்டுத்தான் அவளுக்கும் சோறு போடணும்." தாம்பாளத்தை டீப்பாயில் வைத்தாள். "சுரேஷு, நீ இதெல்லாம் கேட்டுக்கிட்டியாப்பா?"

சுரேஷ்குமார் பியூலாவைப் பார்த்தான். பியூலா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சொன்னதைச் சொல்லிவிட்ட பிறகு பெலிண்டாவுக்கு முதலில் ஏற்பட்டது ஒரு தித்திப்பு. இதோ, இப்போது அப்பா பேசித்தான் ஆக வேண்டும். பாவம் என்றால் இந்தக் கல்யாணம் இல்லை. பாவமில்லை என்றால் அந்த மன்னார்புரம் ஸ்டாப்புக்கு என்ன பதில்.

சவரிநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"வேதத்துல அப்படியெல்லாம் இல்லீங்கம்மா" என்றார். "அது நான் போட்ட சட்டம். குடிய விட்ட புதுசு. எல்லாத்தயும் இறுக்கிப் புடிச்சாத்தான் விழாம இருப்பேன்னு ஒரு பயம். பெரியவளுக்குப் போட்டேன். சின்னவளுக்குப் போடல. தப்பு என்மேலதான். நீங்க வச்சு விடுங்க."

ரங்கநாயகி தாம்பாளத்தை அருகே இழுத்தாள். பிறகு பூவை எடுத்து பியூலாவின் சடையில் செருகினாள். அம்மா லூர்துராணி தனக்கு நீட்டிய பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்கு வைக்க முடி எங்கங்க இருக்கு" என்று சொல்லிச் சிரிக்க, கூடத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

பெலிண்டா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். இருபத்து நாலு வருடமாக அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். தப்பு என்மேலதான். கல்யாணத்தன்று சொல்வார் என்று நினைத்தாள், பிள்ளை பிறந்தபோது, அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி அவள்தான் பத்து நாள் மருந்து விட்டபோது. இன்று சொல்லிவிட்டார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, முன்பின் தெரியாத ஒரு பொம்பளையிடம் சொன்னார். பியூலாவின் கல்யாணம் கெட்டுவிடக் கூடாதே என்று சொன்னார். அந்த வார்த்தையும் தங்கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே நாலைந்து பெண்கள் பூவைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மொட்டு ஒரு பக்கம், விரிந்தது ஒரு பக்கம். யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னாலேயே பியூலா வந்தாள்.

"நான் உனக்கு என்னக்கா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன ஏன்?"

பெலிண்டா பூ பொறுக்கும் கைகளையே பார்த்தாள். பியூலா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. "நீ பூ வச்சப்ப அப்பா உனக்காக மூணு நாள் தண்ணி குடிக்காம உபவாசம் இருந்தாராமே. அம்மா சொல்லிருக்காங்க. எனக்காக ஒரு வேள சோத்த விட்டதில்ல. சுரேஷப் பத்திச் சொல்ல நான் ஒரு வருஷம் பயந்து செத்தேன்க்கா. சொன்னா, குடிப்பானான்னு கேட்டுட்டு நியூஸ் பாக்கப் போயிட்டாரு. எக்கேடோ கெட்டுப் போன்னு விட்ட மாதிரி இருந்துச்சு."

அதுவும் வேண்டுமாம் இவளுக்கு, என்று பெலிண்டாவுக்குத் தோன்றியது. பூவும் வேண்டும், தோடும் வேண்டும், தனக்கென்று இருந்த அந்த மூன்று நாள் பட்டினியும் வேண்டும். கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. பியூலாவுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. ஆனாலும் அக்காவின் கையைப் பிடித்தாள். பெலிண்டா கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"தேதி குறிக்கிறாங்க, வா" என்றாள் பியூலா.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. அப்பாவுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது என்பதால் கண்ணாடிகள் இறங்கியே இருந்தன. பின்சீட்டில் நடுவில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள், அவளுக்கு இந்தப் பக்கம் பெலிண்டா, அந்தப் பக்கம் பியூலா. முன்னால் நின்ற லாரி கரும்புகையைக் கக்கியது. அப்பா இருமிக்கொண்டே தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார், டிரைவரும் ஏற்றினார். திரும்பிப் பார்க்காமல், "பாப்பா, அந்தக் கண்ணாடிய ஏத்தி விடு" என்றார்.

பாப்பா என்று அவர் பதினான்கு வருடம் பெலிண்டாவைத்தான் கூப்பிட்டார். பியூலா தொட்டிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் இடம் மாறியது. அதன் பிறகு அவள் பெலிண்டாவானாள். இப்போது அவர் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. ரோமமெல்லாம் நரைத்த அவருடைய பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அதில் எந்தப் பதிலும் இல்லை.

பெலிண்டாவின் விரல் பொத்தானுக்குப் போனது. அந்தப் பக்கம் பியூலாவின் விரலும் போயிருந்தது. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றாக ஏறி மூடின. பாலத்துச் சத்தம் அடங்கியது. அதுவரை காற்றில் வெளியே போய்க்கொண்டிருந்த மல்லிகை வாசனை காருக்குள் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டு நிறைந்தது. எல்லாருக்கும் அதையேதான் மூச்சாக இழுக்க வேண்டியிருந்தது. முன்னால் லாரி நகர்கிற மாதிரி இல்லை.